மிச்சம் பிடித்த பட்டம்

1984-ல் நான் கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். தீப்பெட்டித் தொழிற்சாலையை எங்கள் பக்கத்தில் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். கட்டை அடுக்குகிற பெண்களும் ஆபீஸுக்குத்தான் போவார்கள், மருந்து முக்குகிறவரும் ஆபீஸுக்குத்தான் போவார். அந்த வகையில், பிளஸ் டூ முடித்த கையோடு ஆபீஸ் உத்தியோகம் அமைந்த அதிர்ஷ்டசாலி நான். கல்லூரி ஒன்றும் எட்டாத தூரத்தில் இல்லை, ஊரிலேயே இருந்தது. அங்கே கட்டவேண்டிய பணமும் தலைபோகிற தொகை அல்ல. பகலெல்லாம் அங்கே போய் உட்கார்ந்தால் ஆபீஸ் சம்பளம் வீட்டுக்கு வராதே, அதுதான் தலைபோகிற விஷயம். படிப்புச் செலவு என்று இன்று எல்லாரும் கணக்குப் போடுகிறார்கள். படிக்கிறவன் சம்பாதிக்காமல் இருப்பதும் செலவுதான் என்பது எங்கள் அம்மாவுக்குப் பொருளாதாரம் படிக்காமலே தெரிந்திருந்தது.

அந்த நாளில் பேப்பரில் வருஷம் தவறாமல் ஒரு விளம்பரம் வரும். அஞ்சல்வழிக் கல்வி, பி.ஏ., பி.காம்.; வேலை பார்த்துக்கொண்டே பட்டம் பெறலாம். டெல்லிப் பல்கலைக்கழகம் 1962-ல் தொடங்கிவைத்த ஏற்பாடு அது. இங்கே மதுரைப் பல்கலைக்கழகம் 1971-லும், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979-லும், சென்னைப் பல்கலைக்கழகம் 1981-லும் அதைக் கையில் எடுத்தன. ஜனங்கள் அதற்குக் 'கரஸ்' என்று பெயர் வைத்து டீக்கடை வரைக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். நான் சேர்ந்தது எந்தப் பல்கலைக்கழகம் என்று சொல்லப்போவதில்லை. சொன்னால், 'தங்கள் கணக்கில் தேர்வுக் கட்டணம் நிலுவை' என்று இப்போதுகூட ஒரு கடிதம் வந்துவிடும் என்று பயம்.

முதலாளி அண்ணாச்சியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் பீடியை அணைத்துவிட்டுக் கேட்டார்: "ஏய்யா, வி.பி.பி.யில டிரான்சிஸ்டர் வரும்னு விளம்பரம் பாத்திருக்கேன். பி.காமும் வருதாக்கும்?"

"வரும் அண்ணாச்சி."

"பிரிச்சுப் பாக்கையில உள்ள செங்கல்லு இருந்துறாம பாத்துக்கோ."

சேருவதற்கு அசல் டி.சி.யை அனுப்ப வேண்டும், கூடவே டி.டி. டி.டி. எடுப்பது அந்தக் காலத்தில் பட்டப்படிப்பின் முதல் தாள் மாதிரி. பாங்கில் செல்லான் வாங்கி, பல்கலைக்கழகத்தின் முழுப் பெயரையும் பதவிப் பெயரையும் அந்தச் சின்னக் கோட்டுக்குள் அடக்கி எழுதி, கமிஷன் தனியாகக் கட்டி, சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னால் மறுநாள் போய் வாங்கி வரவேண்டும். அதில் தேறியவன் மற்றதிலும் தேறிவிடுவான்.

பாடங்கள் புக் போஸ்ட்டில் வந்தன. பழுப்புத் தாள், மேலே சணல், இரண்டு பக்கமும் வாய் திறந்த பொட்டலம். வீட்டு முகவரி கொடுத்தால் பகலில் வாங்க ஆள் இருக்காது என்று ஆபீஸ் முகவரி கொடுத்திருந்தேன். தபால்காரர் வாசலிலிருந்தே, "தம்பி, ஒங்க காலேஜு வந்திருக்கு" என்பார். கட்டை அடுக்குகிற கை அத்தனையும் நின்று என்னைப் பார்க்கும். காலேஜுக்குப் போன என் சேக்காளி எவனுக்கும் இப்படி ஒரு வரவேற்பு கிடைத்திருக்காது.

பாடம் வந்த வரிசைக்கும் பாடத்தின் வரிசைக்கும் சம்பந்தம் இருந்ததில்லை. இறுதிக் கணக்குகள் முதலில் வந்தன. பேரேடு என்றால் என்ன என்பது பொங்கல் கழித்து வந்தது. தேய்மானம் பற்றிய பாடம் வழியிலேயே தேய்ந்துவிட்டது போல, கடைசிவரை வரவில்லை. எழுதிக் கேட்டால், 'ஏற்கெனவே அனுப்பப்பட்டுவிட்டது' என்று அச்சடித்த அட்டை ஒன்று மட்டும் ஒழுங்காக வந்து சேர்ந்தது.

எனக்குக் கணக்கியல் சொல்லிக்கொடுத்தவர் ஆபீஸ் கணக்குப்பிள்ளை. எட்டாவதோ என்னவோ படித்தவர். பற்று, வரவு, பேரேடு எல்லாம் அவர் கைவிரலில் இருந்தது. நான் பாடப் புத்தகத்தில் 'இருப்புநிலைக் குறிப்பு' என்று படித்துவிட்டு முழித்தால், "ஐந்தொகையத்தான் சொல்லுதான்" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார். ஐந்தொகை எனக்குத் தெரியும். வருஷா வருஷம் அவர் போடுவதைப் பார்த்திருக்கிறேன். கடனைத் திருப்பித் தராத ஆசாமியை எந்தக் கணக்கில் கொண்டுபோய்ப் போடுவது, வராக்கடன் என்று எப்போது கைகழுவுவது என்பதற்கெல்லாம் ஆள் பேர் சொல்லி உதாரணம் வைத்திருந்தார். அவருக்கு நான் கொடுத்த கல்விக் கட்டணம் வெற்றிலையும் பாக்கும். பல்கலைக்கழகத்துக்கு டி.டி.யில் கட்டியது எதற்கு என்று அப்போதே ஒரு கேள்வி இருந்தது. அவர் சொல்லிக்கொடுத்ததை நான் கற்றுக்கொண்டேன் என்று ஒரு தாளில் எழுதித் தருவதற்கு, வேறெதற்கு?

1984 ஆகஸ்ட் 15-லிருந்து யு.ஜி.சி., தூர்தர்ஷனில் கல்லூரிப் பாடங்களை ஒளிபரப்பத் தொடங்கியதையும் சொல்லவேண்டும். வீட்டிலிருந்தபடியே பேராசிரியர்களைப் பார்க்கலாம் என்றார்கள். எங்கள் பக்கத்தில் ஆன்டெனாவை எவ்வளவு உயரத்துக்குத் தூக்கினாலும் கிடைத்தது இலங்கை ரூபவாகினிதான். அதைப் பார்த்து வணிகவியலில் யாரும் தேறியதாகத் தகவல் இல்லை.

வருஷத்துக்கு ஒருமுறை கான்டாக்ட் கிளாஸ் நடக்கும். எங்களுக்குத் திருநெல்வேலியில், மே மாதம், ஒரு பள்ளிக்கூடத்தில். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் செய்த பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்காருவோம். அந்த வகுப்பறையைப் போல ஒன்றை அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை. பக்கத்தில் ஒரு பஸ் கண்டக்டர். டியூட்டி முடித்து நேரே வந்ததால் விரலிடுக்கில் டிக்கெட் மை. அந்தப் பக்கம் பாளையங்கோட்டை நர்ஸ் ஒருவர். முன் வரிசையில் ஒரு கன்னியாஸ்திரீ. எதைச் சொன்னாலும் அழகான கையெழுத்தில் எழுதிக்கொள்வார், மறுநாள் எல்லாரும் அவர் நோட்டைக் கெஞ்சி வாங்கிக்கொள்வோம். பலசரக்குக் கடைக்காரர் ஒருவர், விற்பனை வரி ஆபீஸில் ஏமாறாமலிருக்க பி.காம். படிக்க வந்தவர். கடைசி பெஞ்சில் ஒரு போலீஸ்காரர். இரவு ரோந்து முடித்துவிட்டு வந்து, பேராசிரியர் 'ஒப்பந்தச் சட்டம்' என்று ஆரம்பித்ததும் தூங்கிவிடுவார். ஒருநாள் கண்டக்டர் அவரை எழுப்பப் போனார். பேராசிரியர் தடுத்துவிட்டார்: "அவர் தூங்கட்டும்யா. சட்டத்தை ராத்திரி பூரா அவருதான் காப்பாத்திருக்காரு. நான் பேசத்தான செய்றேன்."

அந்தப் பேராசிரியரைக் கொஞ்ச நேரம்தான் பார்த்தோம். வருஷப் பாடத்தை ஒரு வாரச் சொச்சத்தில் முடிக்கவேண்டிய நெருக்கடியிலும், கடைக்காரர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல ஒரு மத்தியானம் முழுவதையும் செலவழித்தார். சரக்கு வழியில் உடைந்துபோனால் நஷ்டம் விற்றவனுக்கா வாங்கினவனுக்கா என்பது கேள்வி. கடைக்காரருக்கு அது பரீட்சைக் கேள்வி இல்லை. போன வாரம் தூத்துக்குடியிலிருந்து வந்த லோடில் நடந்தது. அந்தப் பதிலுக்கு மட்டுமே அவர் கட்டிய கட்டணம் சரியாகப் போயிற்று என்று சொன்னார். அதற்குப் பிறகு அவரைக் காணவில்லை. எங்களில் லாபத்தோடு வெளியேறியவர் அவர் ஒருவர்தான் என்று நினைக்கிறேன்.

வாசலில் ஒருவர் நோட்ஸ் விற்பார். 'இதை மட்டும் படித்தால் போதும்' என்று அட்டையில் சிவப்பு எழுத்தில் போட்டிருக்கும். பாடம் வராதவர்கள் வாங்கினார்கள், வந்தவர்களும் வாங்கினார்கள். கான்டாக்ட் கிளாஸ் கட்டாயம் இல்லை, போகாவிட்டால் காசு மிச்சம் என்று சிலர் சொன்னார்கள். பஸ், சாப்பாடு, சம்பளமில்லா லீவு என்று கூட்டிப் பார்த்தால் வருஷக் கட்டணத்தை விட அதிகமாகத்தான் வந்தது. ஆனாலும் போனேன். கல்லூரி என்று நான் சொல்லிக்கொள்ள இருந்தது அந்தப் பெஞ்சும் அந்த ஆட்களும்தான்.

அரியரும் சேர்த்து ஒருவழியாக 1988-ல் முடிந்தது. பட்டமளிப்பு விழாவுக்கு வராமலே பட்டம் வாங்கிக்கொள்ள தனிக் கட்டணம் உண்டு, கட்டினேன். வகுப்புக்குப் போகாமல் படித்தவன் விழாவுக்கு மட்டும் எதற்குப் போகவேண்டும்? ரிஜிஸ்டர் தபாலில் உருளையாகச் சுருட்டி வந்தது. அண்ணாச்சி அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "செங்கல்லு இல்லய்யா" என்றார்.

அதற்கப்புறம்தான் அந்தக் கேள்வி ஆரம்பித்தது. "ரெகுலரா, கரஸ்ஸா?" கரஸ் என்றால், "அப்படியா" என்பார்கள். அந்த 'அப்படியா'வுக்குள் ஒரு பட்டத்தைப் பாதியாக்குகிற சக்தி இருந்தது. வேலைக்கு விண்ணப்பித்த ஒரு கம்பெனியில் சான்றிதழை வாங்கிப் பார்த்த மேனேஜர், அதை மேஜையில் வைக்காமல் அப்படியே என்னிடம் நீட்டிவிட்டார். பெண் பார்க்கப் போன வீட்டில் வருங்கால மாமனாரும் அதையே கேட்டார். எங்கள் அப்பா சமயோசிதமாக, "மாப்ள சர்வீஸ் கமிஷன் எழுதிருக்கான்" என்று பேச்சை மாற்றினார். சர்வீஸ் கமிஷன்காரர்கள் அந்தக் கேள்வியைக் கேட்காத புண்ணியவான்கள். இளநிலை உதவியாளர் வேலை கிடைத்தது, கல்யாணமும் நடந்தது. மனைவி பிளஸ் டூ. இந்தத் தகவலைக் கவனமாக வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

அரசு வேலையில் சேர்ந்தாலும் சந்தேகம் தீராது. பட்டத்துக்கு உண்மைத்தன்மைச் சான்று வேண்டும். அதாவது, இந்தச் சான்றிதழ் உண்மையான சான்றிதழ்தான் என்று, அதைக் கொடுத்தவர்களே இன்னொரு சான்றிதழ் கொடுக்கவேண்டும். அதற்கும் டி.டி. பல வருஷம் கழித்துப் பதவி உயர்வு நேரத்தில் அந்தக் கோப்பைத் தேடினார்கள். உண்மைத்தன்மைச் சான்றின் உண்மைத்தன்மையைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அதுவரைக்கும் சந்தோஷம்.

இவ்வளவு இளக்காரத்துக்கு நடுவிலும் கரஸ் தழைத்தது. 1985-ல் டெல்லியில் இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வந்தது, 2002-ல் தமிழ்நாட்டுக்கென்று ஒரு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வந்தது. எங்கள் பக்கத்து ஆசிரியர்கள் எம்.ஏ., எம்.எட்., எம்.பில். என்று தபாலிலேயே ஏறிக்கொண்டு போனார்கள். உயர்கல்விக்கு ஊக்க ஊதிய உயர்வு உண்டு என்பது காரணம். அறிவுத்தாகத்தை அரசு ஆணையில் போட்டு வளர்க்க முடியும் என்பதற்கு அது உதாரணம். 2020 மார்ச்சில் ஊக்க ஊதியத்தை நிறுத்தினார்கள். தாகமும் சட்டென்று தணிந்துவிட்டது.

*

மகள் 2022-ல் இன்ஜினியரிங் கவுன்சலிங்கில் இடம் வாங்கினாள். பிந்திப் பிறந்த ஒரே பிள்ளை. தனியார் கல்லூரி, அரசு ஒதுக்கீடு. கட்டணம் வருஷத்துக்கு 55,000 என்று அரசு அப்போது வரம்பு கட்டியிருந்தது. ஹாஸ்டல், மெஸ், பஸ், அது இது என்று அந்த வரம்புக்கு வெளியே இருப்பது வேறு கதை. இதில் முதல் பட்டதாரிச் சலுகை என்று ஒன்று 2010 முதல் இருக்கிறது. குடும்பத்தில் இதற்கு முன் யாரும் பட்டம் வாங்கியிருக்காவிட்டால் கல்விக் கட்டணத்தில் வருஷத்துக்கு 25,000 அரசு கொடுத்துவிடும். நல்ல திட்டம். எங்கள் தெருவிலேயே அதில் படித்து வேலைக்குப் போன பிள்ளைகள் இருக்கிறார்கள்.

கிராம நிர்வாக அலுவலரிடம் ஒரு வார்த்தை விசாரித்துப் பார்க்கலாம் என்று போனேன். தாத்தா பாட்டி, அம்மா என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே வந்தார்.

"நீங்க என்ன படிச்சிருக்கீங்க சார்?"

"பி.காம். கரஸ்தான்."

"டிகிரி டிகிரிதான் சார்" என்றார். அத்தனை மரியாதையாக. முப்பது வருஷத்துக்கு மேல் நான் எங்கெங்கோ எதிர்பார்த்த வார்த்தை.

அந்த வருஷம்தான் யு.ஜி.சி.யும், அங்கீகாரம் பெற்ற தொலைநிலை, ஆன்லைன் பட்டங்கள் நேரடிப் பட்டங்களுக்குச் சமம் என்று அறிவித்திருந்தது. ஆக, மேலிருந்து கீழ்வரை எல்லாரும் ஒரே சமயத்தில் என் பட்டத்தை ஒப்புக்கொண்டார்கள். நாலு வருஷத்துக்கு ஒரு லட்சம் அதற்கு நான் செலுத்திய கட்டணம். கரஸ்ஸில் படித்து எவ்வளவு மிச்சம் பிடித்தேனோ அது வட்டியும் முதலுமாக அரசாங்கத்துக்குத் திரும்பிவிட்டது. கணக்குப்பிள்ளை இருந்திருந்தால் இதை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று சொல்லியிருப்பார். மனைவி மட்டும் சமாதானமாகவில்லை. "அன்னைக்கு எங்கப்பா கேட்ட கேள்விய இந்த வி.ஏ.ஓ. கேட்டிருக்கக் கூடாதா?" என்றாள்.

மகளை ஹாஸ்டலில் விட்டுவிட்டு வந்து, ஒருநாள் மத்தியானம் போன் செய்தேன்.

"கிளாஸ்ல இருக்கேம்பா."

"கிளாஸ்ல இருந்துகிட்டா போன் எடுக்க? வாத்தியார் ஒண்ணும் சொல்ல மாட்டாரா?"

"அவர் கான்பூர்ல இருக்காருப்பா. பாஸ் பண்ணி வச்சிருக்கேன்."

என்.பி.டி.இ.எல். என்று ஒன்று இருப்பதை அப்படித்தான் தெரிந்துகொண்டேன். ஏழு ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-ல் தொடங்கியது. பேராசிரியர்கள் தங்கள் பாடங்களை வீடியோவாக எடுத்து எல்லாருக்கும் இலவசமாகப் போட்டார்கள். 2014 முதல் அதில் வாராவாரம் வீட்டுப்பாடம், கடைசியில் பரீட்சை, தேறினால் சான்றிதழ் என்று முறையாக வகுப்பே நடக்கிறது. 2017-ல் மத்திய அரசின் 'ஸ்வயம்' தளம் வந்து இதை இன்னும் அகலமாக்கியது. ஒரு பருவத்தில் எடுக்கும் பாடங்களில் 40 சதவீதம் வரைக்கும் இப்படி ஆன்லைனில் படித்ததைக் கல்லூரிகள் ஏற்றுக்கொள்ளலாம் என்று 2021-ல் யு.ஜி.சி. விதி செய்திருக்கிறது.

கல்லூரிக்குப் போக வசதியில்லாததால் நான் வீட்டிலிருந்து படித்தேன். மகளோ, வீட்டில் உட்கார்ந்து இலவசமாகப் பார்க்கக்கூடிய வீடியோவை ஹாஸ்டல் கட்டணம் கட்டி, அடையாள அட்டை மாட்டிக்கொண்டு, கல்லூரிக்குப் போய்ப் பார்க்கிறாள். இதை அவளிடம் சொன்னேன். "அப்ப நீங்களே படிச்சுப் பாருங்கப்பா" என்றாள்.

ஓய்வுபெற்று வீட்டில் சும்மா இருக்கிறவனிடம் அப்படிச் சொல்லக்கூடாது. தங்கை மகன் பிளஸ் டூவில் வாங்கிய விலையில்லா மடிக்கணினி ஒன்று எங்கள் வீட்டுப் பரணில் இருந்தது. முதுகில் முன்னாள் முதல்வர் படம். அதைத் தட்டி எழுப்பி, ஒரு ஐ.ஐ.டி. நடத்தும் நிதிக் கணக்கியல் பாடத்தில் பதிவுசெய்தேன். டி.சி. கேட்கவில்லை, டி.டி. கேட்கவில்லை, வயது கேட்டார்கள், அதையும் வைத்து ஒன்றும் செய்யவில்லை. காசே இல்லாமல் சேர்ந்துவிட்டதில் எனக்கு உள்ளூர ஒரு சந்தேகம். எங்கேயாவது செங்கல் இருக்கும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பாடங்கள் வரிசையாக வந்தன. பேரேடு முதலிலும் இறுதிக் கணக்குகள் கடைசியிலும் வந்ததைப் பார்த்தபோது, இந்த விஷயம் இவ்வளவு சுலபமானதா என்று தோன்றியது. நடுவில் ஒரு வாரம் தேய்மானம் வந்தது. 1985-ல் அனுப்பப்பட்டுவிட்டதாகச் சொன்ன பாடம், ஒருவழியாக. பேராசிரியரை நிறுத்தி, பின்னால் இழுத்து, மறுபடி சொல்லச் செய்து, காபி குடித்துவிட்டு வந்து திரும்பவும் சொல்லச் செய்தேன். அலுக்காமல் சொன்னார். ஆனால் சரக்கு வழியில் உடைந்துபோனால் என்று கேட்க ஆளில்லை. கேள்வி கேட்க ஒரு மன்றம் வைத்திருக்கிறார்கள், கேட்டால் உதவியாளர்கள் பதில் எழுதவும் செய்கிறார்கள். நான் எட்டிப் பார்த்தபோது அங்கே பெரும்பாலான கேள்வி, 'வீட்டுப்பாடத்துக்குக் கடைசித் தேதியை நீட்டிப்பீர்களா' என்பதாக இருந்தது.

வீட்டுப்பாடம் புதன்கிழமை நள்ளிரவுக்குள் போய்ச் சேரவேண்டும். புதன் சாயங்காலம் யூடியூபைத் திறந்தால் அந்த வாரத்து விடைகளை யாராவது வரிசையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். டெலிகிராமில் அதற்கென்றே குழுக்கள். பள்ளிக்கூட வாசலில் நோட்ஸ் விற்றவரின் பேரப்பிள்ளைகளாக இருக்கவேண்டும். இவர்கள் காசு வாங்குவதில்லை, சப்ஸ்கிரைப் செய்யச் சொல்கிறார்கள்.

செங்கல் என்று சொல்லமுடியாது, ஆனால் விலை பரீட்சையில் இருந்தது. பாடம் இலவசம், பரீட்சை எழுதிச் சான்றிதழ் வாங்க 1,000 ரூபாய். பட்டியலினத்தவருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பாதி. குறைந்த தொகைதான், குறை சொல்லவில்லை. வெளிநாட்டுத் தளங்கள் பலவற்றிலும் இதே வழக்கம்தான்: வீடியோவைப் பார்த்துக்கொள், பார்த்தாய் என்று எழுதித் தரவேண்டுமானால் பணம் கட்டு. வெற்றிலை பாக்குக்குப் பாடம் சொன்ன கணக்குப்பிள்ளைக்கும் டி.டி. வாங்கிய பல்கலைக்கழகத்துக்கும் நடுவில் இருந்த பாகப்பிரிவினை இன்றைக்கும் மாறவில்லை. இரண்டையும் ஒரே இணையப் பக்கத்தில் வைத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

பரீட்சை ஒரு இன்ஜினியரிங் கல்லூரிக் கம்ப்யூட்டர் லேபில். வாசலில் செக்யூரிட்டி, "பேரன்ட்ஸ் எல்லாம் மரத்தடில உக்காருங்க சார்" என்றார். ஹால் டிக்கெட்டைக் காட்டினேன். வாங்கிப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போட்டோவைப் பார்த்தார். "ஏன் சார்?" என்றார். இன்றுவரை அந்தக் கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. உள்ளே சுற்றிலும் பிள்ளைகள், மகள் வயது. ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு திரை. கண்டக்டரும் கன்னியாஸ்திரீயும் இல்லாத பரீட்சை ஹால் சுத்தமாகத்தான் இருந்தது.

வீட்டுப்பாடத்துக்கு 25, பரீட்சைக்கு 75 என்று கணக்குப் போட்டு, சான்றிதழில் 'எலைட்' என்று அச்சிட்டு அனுப்பினார்கள். 60-க்கு மேல் வாங்கினால் அப்படிப் போடுவார்களாம். கரஸ்காரனை எலைட் என்று யாராவது எழுதித் தருவது இதுதான் முதல்முறை. மூலையில் புள்ளிக்கோலத்தைக் காலால் கலைத்த மாதிரி ஒரு க்யூ.ஆர். சதுரம். போனைக் காட்டினால் சான்றிதழ் உண்மையென்று அதுவே சொல்லிவிடுகிறது. உண்மைத்தன்மைக்கு டி.டி. எடுத்துக் கோப்பு நகர்த்திய ஒரு தலைமுறையின் உழைப்பை அந்தச் சதுரம் ஒரு நொடியில் அடித்துவிட்டது. தபாலில் வராது, நாமே அச்செடுத்துக்கொள்ள வேண்டும். ஜெராக்ஸ் கடையில் கலர் பிரிண்ட் போட்டு லாமினேட் செய்தேன். கடைக்காரப் பையன், "யாருக்கு சார், பேரனுக்கா?" என்றான்.

பக்கத்து வீட்டுப் பையன் இதில் என்னை மிஞ்சியவன். ஊர்க் கல்லூரியில் பி.காம். படித்துக்கொண்டே, சென்னை ஐ.ஐ.டி. 2020-ல் தொடங்கிய தரவு அறிவியல் பட்டப்படிப்பை ஆன்லைனில் படிக்கிறான். ஒரே சமயத்தில் இரண்டு பட்டம் படிக்கலாம் என்று 2022-ல் யு.ஜி.சி. அனுமதித்துவிட்டது. எங்கள் காலத்தில் அசல் டி.சி.யை வாங்கிப் பூட்டி வைத்துக்கொண்டதே, இன்னொரு இடத்தில் சேர்ந்துவிடுவோமோ என்ற பயத்தில்தான். ஐ.ஐ.டி.யின் அந்தப் படிப்பில் சேர ஜே.இ.இ. வேண்டாம், நாலு வாரம் படித்துத் தகுதித் தேர்வு எழுதவேண்டும். வசதி குறைந்த குடும்பத்துக்குக் கட்டணத்தில் 75 சதவீதம் வரைக்கும் தள்ளுபடி உண்டு. நடுவில் நிறுத்தினாலும், எட்டிய நிலைக்கு ஏற்ப சான்றிதழோ டிப்ளமோவோ கொடுத்து அனுப்புகிறார்கள். பரீட்சைக்கு மட்டும் நேரில் போகவேண்டும். சுலபமில்லை, பையன் ராத்திரி ஒரு மணிக்கு விளக்கெரிய உட்கார்ந்திருப்பதை நானே பார்க்கிறேன். அவனுடைய அப்பா யார் கேட்டாலும், "பையன் ஐ.ஐ.டி.ல படிக்கான்" என்கிறார். பொய்யில்லை. ஆன்லைன் என்ற வார்த்தையை அவரும் சொல்வதில்லை, கேட்கிறவர்களும் கேட்பதில்லை. சம்பந்தம் பேசும் நாளில் எந்த மாமனாராவது 'ரெகுலரா' என்று கேட்பாரா என்று பார்க்க ஆசை.

ஆன்லைனில் ஒரு தரம் பெயரைப் பதிந்துவிட்டால் உலகத்துக்கே நாம் மாணவன் என்று தெரிந்துவிடுகிறது. தினம் ஒரு போன். பேசுகிறவர் தன்னை 'கல்வி ஆலோசகர்' என்று சொல்லிக்கொள்வார். ஒன்றரை லட்ச ரூபாய்ப் படிப்பு, இன்றைக்கு ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் 60,000-தானாம்.

"பன்னெண்டு மணிக்கு மேல என்னாகும் தம்பி?"

"ஆபர் முடிஞ்சிரும் சார்."

"பாடம் மாறுமா?"

"பாடம் அதேதான் சார். பிரைஸ்தான் மாறும்."

பன்னிரண்டு மணிக்கு அரிசி விலை இப்படி ஏறினால் ஊரே கடை முன்னால் நிற்கும். மறுநாள் அதே படிப்பு 55,000-க்கு வந்தது, மாதத் தவணை வசதியோடு. அந்தப் பையனிடம், "நீ என்ன படிச்சிருக்க?" என்று கேட்டேன். இன்ஜினியரிங். "இந்தப் படிப்பப் படிச்சியா?" சிரித்துக்கொண்டே, "அவ்வளவு காசு ஏது சார்" என்றான். அவன்மேல் எனக்குக் கோபமில்லை. அவனுக்கு ஒப்பந்தச் சட்டத்தில் 'தவறான எடுத்துரைப்பு' என்ற பாடத்தைப் படித்துக்காட்டலாமா என்று யோசித்தேன். அது எனக்கு ஒழுங்காக வந்து சேர்ந்த பாடங்களில் ஒன்று.

போன மாதம் மகளின் கல்லூரியிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு சுற்றறிக்கை வந்தது. கடைசிப் பருவத்தில் இரண்டு பாடங்களை ஆன்லைனில்தான் எடுக்கவேண்டும். மாணவர்கள் விரும்பினால் வீட்டிலிருந்தே படிக்கலாம். அப்படியானால் ஹாஸ்டலைக் காலி செய்யலாம், கட்டணத்திலும் கொஞ்சம் குறையும் என்று மனைவி கணக்குப் போட ஆரம்பித்தாள். அடுத்த பக்கத்தில் பருவக் கட்டணம் வழக்கம்போல் முழுமையாகச் செலுத்தப்பட வேண்டும் என்று இருந்தது. அதற்குக் கீழே, ஆன்லைன் பாட ஒருங்கிணைப்புக் கட்டணம் என்று புதிதாக ஒரு வரி.

கல்லூரி ஆபீஸுக்குப் போன் செய்தேன். "இலவசப் பாடத்தில் என்னத்தம்மா ஒருங்கிணைக்கிறீங்க?"

"மார்க்க எங்க சிஸ்டத்துல ஏத்தணும்ல சார்."

கட்டிவிட்டு ரசீது கேட்டேன். வெப்சைட்டில் டவுன்லோடு செய்துகொள்ளச் சொன்னார்கள்.